கடைசி ஆள் தட்ட வேண்டும்

ஷாம்பெரி, 9 மார்ச் 1994

திரு. அன்செல்ம் அவர்களுக்கு,

போன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டேன். போன்ல நீங்க ஒரு சிரிப்பு சிரிச்சு, மாட்டைப் பத்தி நாலு வார்த்தை பேசி, கேட்ட கேள்வியை மென்னு முழுங்கிடுவீங்க. எழுதுங்க. எழுத்துல மழுப்பினா எனக்குத் தெரியும்.

விஷயம் கிளாரிஸ். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு உங்க ஸ்கீ சங்கத்தோட வந்து 'பாதிரி அங்கி' மலை இடுக்குல ஸ்கீயில இறங்கப் போறேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா. அப்பன் பனிச்சரிவுல புதைஞ்சு செத்த அதே இடுக்கு. பத்தொன்பது வயசு, தடுத்தா நிக்கிற வயசா? இருந்தும், "நீ வேண்டாம்னா போகல மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கா. அதனாலதான் இந்தக் கடுதாசி. என் பொண்ணை உங்க பின்னால அனுப்பலாமா கூடாதான்னு நான் முடிவு பண்ணியாகணும்.

நேத்து அவ அப்பன் ஃபிர்மினோட பையை அவிழ்த்தா. ரெண்டு வருஷமா நான் கை வைக்காத பை. அப்பாவோட பீப்பரை நான் நெஞ்சுல கட்டிக்கிறேன்னு ஆசையா எடுத்தா. எடுத்தவ அப்படியே நின்னுட்டா. அதோட திருகு 'அனுப்பு'ல இல்லை. 'தேடு'ல நிக்குது.

இதுக்கு அர்த்தம் உங்களுக்கு நான் சொல்லணுமா? 'அனுப்பு'ல இருந்தா பனிக்கு அடியில கிடக்குற ஆளோட நெஞ்சுலேருந்து பீப் பீப்னு வந்துக்கிட்டே இருக்கும், தேடுறவன் வந்து தோண்டிடுவான். 'தேடு'ல இருந்தா அந்தப் பெட்டி மத்தவங்க சத்தத்தைக் காது குடுத்துக் கேட்கும், தான் வாயைத் திறக்காது. அன்னிக்கு ஃபிர்மின்கிட்டேருந்து ஒரு பீப் கூட வரலை. பாட்டரி செத்துப்போச்சுன்னு அடக்கம் பண்ணின அன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னது நீங்க.

பாட்டரியா திருகைத் திருப்பும்?

— ஜொசெத்


வெர்னே, 13 மார்ச்

அடியே ஜொசெத்,

'திரு'வாம், 'அவர்களுக்கு'வாம்! இருபது வருஷம் என் அடுப்படியில உக்காந்து என் ஜெனெபி சாராய பாட்டிலைக் காலி பண்ணவ 'நீங்க'ன்னு எழுதுறா. தபால்காரன் கடுதாசியைக் குடுத்தப்ப ஏதோ கோர்ட் நோட்டீஸுன்னு நினைச்சு மூஞ்சியைக் கழுவிட்டு வந்து பிரிச்சேன்.

இதுல என்ன பெரிய மர்மம் இருக்கு சொல்லு. ரெண்டு வருஷமா பைக்குள்ள கிடக்குற பொருள். ஹெலிகாப்டர்ல தூக்கிப் போட்டாங்க, வண்டியில போட்டாங்க, உன் அக்கா வீட்டுப் பரண்ல போட்டாங்க. எங்கேயாவது இடிச்சுத் திரும்பியிருக்கும். பழைய மாடல் திருகு, மூக்கைச் சிந்தினா கழண்டுக்கும்.

கிளாரிஸ் வரட்டும். போன சனிக்கிழமை அவ இறங்குறதைப் பார்த்தேன். அப்பன் மாதிரியே இடது தோளை முன்னால தள்ளிக் குதிச்சுத் திரும்புறா. செங்குத்துல பொண்ணு பயப்படலை, ஆனா மரியாதை குடுக்குறா. அது போதும். இந்த வருஷம் பனி நல்லா இறுகிக் கிடக்கு. நான் முன்னால போறேன், என் தடத்துலயே அவளைக் கூட்டிக்கிட்டு வர்றேன். புது பீப்பர் வாங்கிக்கச் சொல்லு, அந்தப் பழைய சாமானைக் கடாசு.

இங்க ரெண்டு பசு ஒரே நாள்ல கன்னு போட்டுச்சு. ஒண்ணுக்குக் கால் கோணல். உனக்கு ஒரு பெரிய துண்டு சீஸ் எடுத்து வச்சிருக்கேன்.

— உன் அன்செல்ம்


ஷாம்பெரி, 16 மார்ச்

அன்செல்ம்,

மாட்டைப் பத்தி எழுதுவீங்கன்னு சொன்னேனா இல்லையா?

பரண்ல இடிச்சுத் திரும்பிச்சாம். அந்தத் திருகு மேல மஞ்சள் டேப் சுத்தியிருந்துச்சு அன்செல்ம். கிளாரிஸ் கத்தரிக்கோலால வெட்டித்தான் பிரிச்சா. நீங்க கேட்காமலேயே "எங்கப்பன் குதிருக்குள்ள இல்லை"ன்னு சொல்லிட்டீங்க.

நான் சும்மா இருக்கலை. மீட்புப் படை புருனோவைப் போய்ப் பார்த்தேன். செத்தவங்க பீப்பரை எடுத்த நிலையிலேயே டேப் போட்டு ஒட்டுறது அவங்க வழக்கமாம். அப்போ பனியிலேருந்து எடுக்கும்போதே 'தேடு'லதானே இருந்துச்சுன்னு கேட்டேன். மனுஷன் தொப்பியைக் கழட்டி உள்ளே எட்டிப் பார்த்துட்டு, "அன்செல்ம்கிட்ட கேளு. அவன் சொல்லலைன்னா, கேட்காம விட்டுடு"ன்னார். விடுவேனா?

அந்தக் காலையை நான் மறக்கலை. வண்டி நிறுத்துற இடத்துல மூணு பேரும் நின்னோம். ராத்திரி முழுக்கத் தெக்கத்திக் காத்து அடிச்சிருக்கு, மேலே பனி பலகை மாதிரி கட்டியிருக்கும், கால் வச்சா உடைஞ்சு சரியும், இன்னிக்கு வேண்டாம்னு நான் சொன்னேன். "பயமா இருந்தா வீட்டுக்குப் போய் சூப் வை"ன்னான் ஃபிர்மின். போனேன். சூப்பும் வச்சேன்.

நம்ம வழக்கம் என்ன? ஃபிர்மின் தன் பெட்டியைத் 'தேடு'ல வச்சுக்கிட்டு முன்னால நிப்பான். மத்தவங்க ஒவ்வொருத்தரா அவனைத் தாண்டிப் போகணும், அவங்க பீப் அவனுக்குக் கேட்கணும். எல்லாரும் தாண்டினதும் அவன் தன்னோடதை 'அனுப்பு'க்குத் திருப்பணும். அது நிஜமாவே சத்தம் போடுதான்னு கடைசி ஆள் தன் பெட்டியால கேட்டுப் பார்த்து, அவன் நெஞ்சுல ரெண்டு தட்டு தட்டி, "போ"ன்னு சொல்லணும். அதுக்கு அப்புறம்தான் கிளம்பணும். எப்பவும் கடைசி ஆள் நான். அன்னிக்கு நான் திரும்பிட்டேன். அப்போ கடைசி ஆள் நீங்க.

தட்டினீங்களா?

புதைஞ்சு கிடந்தவன் வாயைச் சுத்தி மூச்சுக்காத்து உறைஞ்சு பனி ஓடு கட்டியிருந்துச்சுன்னு டாக்டர் என்கிட்ட சொன்னார். உள்ளே உசிரோட இருந்திருக்கான். ஒரு பீப் வந்திருந்தா நீங்க தோண்டியிருப்பீங்க. அதனாலதான் கேட்கிறேன்.

— ஜொசெத்


வெர்னே, 21 மார்ச்

ஜொசெத்,

நீ விடமாட்ட. உன்னைத் தெரியாதா எனக்கு.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்ல வெட்கம். ஸ்கீயை முதுகுல கட்டிக்கிட்டு இடுக்கு வழியாவே ஏறினோம். ஷூ முனையால குத்திக் குத்தி ஒரு ஏணி மாதிரி படி வெட்டிக்கிட்டே. உச்சியில நின்னா ரெண்டு காலுக்கு நடுவுல மாதா கோயில் மணிக்கூண்டு தெரியும், உனக்குத் தெரியுமே. "நீ முதல்ல போடா, நான் உன் தடத்தைக் கெடுத்துக்கிட்டே வர்றேன்"னான் ஃபிர்மின். அவன் பேச்சு அப்படித்தான்.

இறங்கினேன். மேலே பனி மாவு மாதிரி, குதிச்சுத் திரும்பும்போதெல்லாம் சர்ருனு ஒரு கூடை பனி எனக்கு முன்னால ஓடும். கழுத்து மாதிரி குறுகுற இடம் தாண்டினதும் காலுக்கு அடியில 'டொப்'புன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். பனி என்னைத் தூக்கிக்கிட்டுப் போச்சு. நின்னப்போ நான் கழுத்துவரை உள்ளே இருந்தேன், கத்த முடியலை. மேலேருந்து ஃபிர்மினுக்கு என் தலை தெரியலை. முழுசாப் புதைஞ்சிட்டேன்னு நினைச்சிருக்கான். தன் பெட்டியைத் 'தேடு'க்குத் திருப்பிக்கிட்டு என்னைத் தேடி இறங்கிட்டான். அப்போ மிச்சப் பனியும் உடைஞ்சு அவனை அடிச்சுக்கிட்டுப் போச்சு.

என்னைக் காப்பாத்த வந்தவன் செத்தான். நான் இருக்கேன். ஊர்ல "பாவம், பாட்டரி"ன்னு சொல்லிட்டுப் போனது எனக்கு வசதியா இருந்துச்சு. இதுக்கு மேல என்னைக் குடையாதே. பொண்ணுகிட்ட வேணும்னா சொல்லு, உங்கப்பன் அடுத்தவனுக்காகப் போனவன்னு.

— அன்செல்ம்


ஷாம்பெரி, 25 மார்ச்

அன்செல்ம்,

உங்க கடுதாசியை கிளாரிஸ்கிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் அழுதா. அப்புறம் எழுந்து போய் அப்பன் படத்தைத் துடைச்சு கூடத்துல மாட்டினா. நானும் அன்னிக்கு நிம்மதியாத் தூங்கினேன், பொய் சொல்வானேன். முட்டாள்தனமா ஒரு சரிவுல போய் விழுந்து செத்தவன்னு ரெண்டு வருஷமா மனசுக்குள்ள திட்டிக்கிட்டிருந்த புருஷன், ஒரே கடுதாசியில வீரனாயிட்டான்.

காலையில எழுந்து காபி போட்டேன். குடிக்க முடியலை. ஏதோ இடிச்சுது. போய் அந்தப் பையை மறுபடி எடுத்தேன்.

பனி தோண்டுற வாரி பையிலேயே இருக்கு. அதைப் பிடிச்சு வைக்கிற பட்டையோட கொக்கி அந்த மாசம்தான் உடைஞ்சது. நான்தான் நீலக் கயிறு போட்டுக் கட்டிக் குடுத்தேன். நான் போட்ட முடிச்சு அப்படியே இருக்கு அன்செல்ம். அவன் முடிச்சுப் போட்டா அது முடிச்சாவே இருக்காது, மாட்டுக்குக் கழுத்துக்கயிறு கட்டின மாதிரி இருக்கும்.

"முதல்ல வாரி கைக்கு வரணும், அப்புறம்தான் கால் நகரணும்"னு சங்கத்துப் பசங்களுக்கெல்லாம் கத்திக் கத்திச் சொன்னவன் யாரு? கூட்டாளி புதைஞ்சிட்டான்னு தெரிஞ்ச ஃபிர்மின், வெறுங்கையால தோண்டலாம்னு வாரியை முதுகுல வச்சுக்கிட்டு இறங்கினானா? அப்புறம் இன்னொண்ணு. கழுத்துவரை புதைஞ்சவர், தனியாளா வெளியே வந்து, ஸ்கீயும் ஒடியாம கீழ் ஊருக்கு ஓடிப்போய் ஆளைக் கூப்பிட்டீங்களா? பேக்கரிக்காரி அன்னிக்கு உங்களைப் பார்த்தா. உங்க கோட்டு காஞ்சிருந்துச்சாம்.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க, சோறு கூட நல்லாப் பொங்கலை.

ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய் சொல்ற ஆள் பின்னால என் பொண்ணு நாப்பத்தஞ்சு பாகை சரிவுல இறங்கணுமா? மடியில கனம் இல்லாதவன் எதுக்கு வழியில பயப்படணும்? என் கிளாரிஸை ஒரு ராத்திரி சந்தோஷப்படுத்திட்டு, மறுநாள் நான் அவகிட்ட அந்தப் படத்தைப் பார்க்காதேன்னு சொல்ல வேண்டியிருக்கு. இதுக்காகவே உங்களை மன்னிக்க மாட்டேன்.

— ஜொசெத்


வெர்னே, 29 மார்ச்

ஜொசெத் அம்மா,

சரி. நான்தான்.

நீ காரைத் திருப்பிக்கிட்டுப் போகும்போது நான் ஃபிர்மின் பக்கத்துலயே நின்னு சிகரெட் பத்த வச்சுக்கிட்டிருந்தேன். கடைசி ஆள் நான்தான். தட்டணும்னு தோணலை. இத்தனை வருஷம் இறங்கினவங்களுக்கு இன்னும் என்ன சோதனைன்னு ஒரு திமிரு. அவன் திருப்ப மறந்தான், நான் பார்க்கலை. மேலே பலகைப் பனி அவனுக்கு அடியிலதான் உடைஞ்சுது, நான் கீழே பாறை மறைவுல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். என் பெட்டியை வச்சுக்கிட்டு அந்தப் பனிமேடு முழுக்க அலைஞ்சேன். ஒரு சத்தம் இல்லை. இது மட்டும் நிஜம், இதை நம்பு.

பொண்ணை அனுப்பாதே. சங்கத்துல சொல்லிட்டு நானும் விலகிக்கிறேன். போதுமா? இனிமே எழுதாதே.

— அன்செல்ம்


ஷாம்பெரி, 1 ஏப்ரல், புனித வெள்ளி

அன்செல்ம்,

எழுதாதேன்னா எழுதாம இருப்பேனா.

உங்க கடுதாசி வந்ததும் அக்காகிட்ட நீட்டி, "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்"னேன். ஆள் கிடைச்சாச்சு. இனி நெஞ்சு ஆறும்னு நினைச்சேன். அக்கா படிச்சிட்டு மீன் கழுவப் போயிட்டா. நான் மறுபடி படிச்சேன். சந்தேகம் ஒரு கெட்ட வியாதி அன்செல்ம், ஒரு தடவை ஒட்டிக்கிட்டா சொந்த வீடு, அடுத்த வீடுன்னு பார்க்காது.

"ஃபிர்மின் பக்கத்துலயே நின்னேன்"னு எழுதியிருக்கீங்க.

நிக்கலை.

நான் காரைத் திருப்பினேன். இன்னும் விடியலை. முன்விளக்கு வெளிச்சம் அப்படியே மலையடியில வட்டம் போட்டுச்சு. லார்ச் மரங்களுக்குப் பக்கத்துல, மேலே, உங்க சிவப்புத் தொப்பி தெரிஞ்சுது. ஆத்திரத்துல ஹாரன் அடிச்சேன். நீங்க திரும்பிப் பார்த்து ஸ்கீ குச்சியைத் தூக்கிக் காட்டினீங்க. வழி வெட்டுறவன் முன்னாடியே கிளம்பணும், அதனால ஃபிர்மினைத் தாண்டி, பீப் குடுத்துட்டு, முன்னால போயிட்டீங்க. எனக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிஞ்சேதான் உங்களைக் கடைசி ஆள் ஆக்கினேன். எப்படி ஆக்கினேன்னு எனக்கே புரியலை.

நீங்க போனப்புறம் நான் அவனைத் தாண்டினேன். என் பீப் அவனுக்குக் கேட்டுச்சு, தலையை ஆட்டினான். அடுத்து அவன் திருப்பணும், நான் தட்டணும். அந்த இடைவெளியிலதான் தெக்கத்திக் காத்தைப் பத்தி வாயைத் திறந்தேன். அவன் சூப்பைப் பத்திச் சொன்னான். அவன் கை அந்தத் திருகு மேலதான் இருந்துச்சு. கையை எடுத்து என்னைப் பார்த்து ஆட்டினான், போடி போன்னு. நான் ஸ்கீயைக் கழட்டி காருக்குள்ள வீசினேன்.

அவன் பக்கத்துல வேற யாரும் இல்லை. நான்தான் கடைசி ஆள்.

பனியைப் பத்தி நான் சொன்னது சரிதான். ரெண்டு வருஷமா அந்தச் சரியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்கினேன். "நான் சொன்னேன், கேட்கலை." சரியாச் சொன்ன அதே வாய் ஒரு "போ" சொல்லலை.

உங்களுக்கு இது தெரியும். அதனாலதான் பாட்டரின்னீங்க, வீரன்னீங்க, கடைசியில நானேன்னீங்க. போலீஸ் என்னை ஏன் ஒரு கேள்வி கூடக் கேட்கலைன்னு இப்போ புரியுது, நான் அன்னிக்கு அங்க வரவே இல்லைன்னு அவங்ககிட்ட எழுதிக் குடுத்ததும் நீங்கதான். யாரைக் கேட்டு அன்செல்ம் எனக்காகப் பொய் சொன்னீங்க? யாரு கேட்டா?

— ஜொசெத்


வெர்னே, 5 ஏப்ரல்

ஜொசெத்,

யாரும் கேட்கலை. உனக்கு ஒரு பொண்ணு இருக்கு, எனக்கு மாடுதான் இருக்கு. மாடு என்னைப் பத்தி ஒண்ணும் நினைக்காது. அதனால சொன்னேன். புருனோவுக்கும் புரிஞ்சுது, அவனும் வாயை மூடிக்கிட்டான்.

ஆனா நீ ஒண்ணு தப்பாப் புரிஞ்சுக்கிட்ட. நான் எழுதின மூணாவது பொய் முழுப் பொய் இல்லை.

லார்ச் மரத்துக்கு மேல ஃபிர்மின் என்னை எட்டிப் பிடிச்சான். மூச்சு வாங்கிக்கிட்டே சிரிச்சான். "ஜொசெத் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாடா. இன்னிக்கு எனக்கு 'போ' கூடச் சொல்லலை. சாயங்காலம் மண்டியிட்டுத்தான் சூப் வாங்கிக் குடிக்கணும்"னான். நானும் சிரிச்சேன். சிரிச்சிட்டு நடந்தேன்.

'போ' சொல்லலைன்னா தட்டலைன்னு அர்த்தம். தட்டலைன்னா யாரும் கேட்டுப் பார்க்கலைன்னு அர்த்தம். அது என் காதுல விழுந்துச்சு ஜொசெத். என் பெட்டியைத் திருப்பி அவன் நெஞ்சுகிட்ட வைக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? கையுறையைக் கழட்டணும், குளிருது. அதுக்குச் சோம்பல்.

திருப்பாதது அவன். தட்டாதது நீ. தெரிஞ்சும் நடந்தது நான். இதுல யாரு பங்கு எவ்வளவுன்னு அளக்க என்கிட்ட தராசு இல்லை. ரெண்டு வருஷம் தனியா அளந்து பார்த்துட்டேன், முடியலை. அவன் இருந்திருந்தா ரெண்டு பேரையும் கழுதைன்னு திட்டிட்டு ஜெனெபி ஊத்தியிருப்பான்.

பொண்ணை அனுப்பாதே. வேற ஆள் பின்னால அனுப்பு. எனக்கு அவளைக் கூட்டிக்கிட்டுப் போக முகம் இல்லை.

— அன்செல்ம்


ஷாம்பெரி, 7 ஏப்ரல்

அடேய் அன்செல்ம்,

கிளாரிஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். உன் மூணு பொய்யும், என் ரெண்டு வருஷப் பொய்யும். உங்கப்பன் வீரன் இல்லடி, திருகை மறந்த ஒரு மடையன், அவனை அப்படியே விட்டுட்டு வந்தவ உங்கம்மான்னு சொன்னேன். என்னை அடிச்சிருந்தாக்கூட ஏன்னு கேட்டிருக்க மாட்டேன். அவ அந்தப் பழைய பீப்பரை எடுத்து, புது பாட்டரி போட்டு, 'அனுப்பு'க்குத் திருப்பி மேசையில வச்சா. பீப், பீப்னு அது பாட்டுக்குச் சத்தம் போட்டுச்சு. எனக்குத் தாங்கலை, காதைப் பொத்திக்கிட்டேன். அணைக்கச் சொன்னேன். அவ அணைக்கலை. "நீயும் வா மா"ன்னா. கூடத்துல மாட்டின படம் அங்கேயே இருக்கட்டும்னும் சொல்லிட்டா.

என் ஸ்கீயை அக்கா வீட்டுப் பரண்லேருந்து இறக்கியாச்சு. ஓரம் துருப்பிடிச்சிருக்கு, தீட்டிக்கலாம். மேலே ஏறும்போது வழுக்காம இருக்க ஸ்கீ அடியில ஒட்டுற தோலுக்குத்தான் பசை போயிடுச்சு, உன்கிட்ட பழசு ஏதாவது இருந்தா எடுத்து வை. இடுக்குல நான் இறங்குவேனா மாட்டேனான்னு அங்க வந்து பனியைப் பார்த்துட்டுச் சொல்றேன். பனி சரியில்லைன்னு நான் சொன்னா இந்தத் தடவை எல்லாரும் திரும்புறோம். யாராவது என்னை சூப் வைக்கச் சொன்னா ஸ்கீ குச்சியால அடிப்பேன்.

நீதான் கூட்டிக்கிட்டுப் போகணும். வேற ஆள் வேண்டாம். சோம்பல் என்ன விலைன்னு தெரிஞ்ச வழிகாட்டி அந்த மலையில நீ ஒருத்தன்தான்.

ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னால அதே இடத்துல வண்டியை நிறுத்துவேன். நீ 'தேடு'ல வச்சுக்கிட்டு முன்னால நில்லு. உன் சங்கத்துப் பசங்க, கிளாரிஸ், எல்லாரும் உன்னைத் தாண்டிப் போய் லார்ச் மரத்துக்கு இந்தப் பக்கமே நிக்கட்டும். கடைசியா நான் வருவேன். உன்னோடதைத் திருப்புவ. கையுறையைக் கழட்டிட்டுத்தான் கேட்பேன், குளிரினா குளிரட்டும்.

நான் தட்டி, "போ"ன்னு சொல்ற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது.

— ஜொசெத்